ஒரு நடுக்கள வீரரின் விலை: போஸ்மான் வழக்கும் ஐரோப்பியக் கால்பந்தின் தொழிலுறவு வரலாறும்

முன்னுரை

1995 டிசம்பர் 15 அன்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மான் தீர்ப்பு, விளையாட்டுச் சட்டம் பற்றிய ஆய்வுகளில் தவறாது இடம்பெறுவதாகும். ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரரை மற்றோர் உறுப்பு நாட்டின் கழகம் சேர்த்துக்கொள்ளும்போது பழைய கழகம் தொகை கோர இயலாது என்றும், ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களை ‘அயல்நாட்டவர்’ என எண்ணிக்கை வரம்புக்குள் அடைக்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தீர்ப்பிலிருந்தே தொடங்கி, அதன்பின் நட்சத்திர வீரர்களின் ஊதியம் உயர்ந்த கதைக்குச் சென்றுவிடுகின்றனர். வழக்கைத் தொடுத்த ழான்-மார்க் போஸ்மானின் ஆட்ட வாழ்க்கை ஓரிரு வரிகளில் முடிந்துபோகிறது. பெல்ஜியத்தின் முதன்மைத் தேசிய அணிக்கு ஒருமுறைகூட ஆடாமல், கழகம் விட்டுக் கழகம் மாறிய நடுத்தரத் திறனுடைய நடுக்கள வீரர் அவர். அந்த நடுத்தர நிலையே வழக்கு எழக் காரணமாயிற்று என்பதை வழக்குப் பதிவுகளில் உள்ள எண்களைக் கொண்டு இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

பிணைப்பு முறையின் பின்புலம்

இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டு தொழில்முறைக் கால்பந்து ஏற்கப்பட்டதை அடுத்து, ஆட்டக்காரரின் பதிவைக் கழகமே தன்வசம் வைத்துக்கொள்ளும் முறை உருவாயிற்று. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் பழைய கழகத்தின் இசைவின்றி வேறிடத்தில் ஆட இயலாது. நியூகாசில் கழகத்திற்கு எதிராக ஜார்ஜ் ஈஸ்தம் தொடுத்த வழக்கில் 1963ஆம் ஆண்டு நீதிபதி வில்பர்போர்ஸ் இம்முறையைத் தொழில் உரிமைக்குத் தடை எனக் கண்டித்தார். எனினும் இடமாற்றத் தொகை என்னும் கருத்து அத்தீர்ப்பால் வீழவில்லை. ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் இதே முறை வெவ்வேறு வடிவங்களில் நிலைபெற்றிருந்தது.

1990ஆம் ஆண்டளவில் பெல்ஜியத்தில் நடப்பிலிருந்த விதிகள் சற்று விரிவாக நோக்கத்தக்கவை. ஜூன் 30இல் ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு வீரருக்கும் ஏப்ரல் 26க்கு முன் கழகம் புதிய ஒப்பந்தம் ஒன்றை முன்வைக்க வேண்டும். வீரர் அதை மறுத்தால் இடமாற்றப் பட்டியலில் சேர்க்கப்படுவார். மே மாதத்தில் பழைய கழகத்தின் இசைவின்றியே வேறு கழகம் அவரைப் பெறலாம். ஆனால் ‘பயிற்சி இழப்பீடு’ செலுத்த வேண்டும். வீரரின் ஆண்டு வருமானத்தை அவரது வயதுக்கேற்ப 14 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்கி அத்தொகை கணக்கிடப்பட்டது. ஜூன் மாதத்தில் இரு கழகங்களும் பேசி விலையை முடிவு செய்துகொள்ளலாம். எதுவும் நிகழாவிடில் பழைய கழகம் முன்பு கூறிய அதே நிபந்தனைகளில் ஓராண்டு ஒப்பந்தத்தை மீண்டும் முன்வைக்கும். அதையும் மறுக்கும் வீரரை இடைநீக்கம் செய்ய அதற்கு உரிமை உண்டு. தொடர்ந்து மறுத்து, இரண்டு ஆட்டப் பருவங்கள் களமிறங்காதிருந்தால், தொழில்முறை சாராத வீரராக அவர் வெளியேறலாம். கால்பந்து வீரரின் குறுகிய தொழில்வாழ்க்கையில் இரண்டு பருவங்கள் என்பது எத்துணைப் பெரிய தண்டனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1990: ஏப்ரல் முதல் ஜூலை வரை

1964இல் பிறந்த போஸ்மான், ஸ்டாண்டர்ட் லியேஜ் கழகத்தில் வளர்ந்து அங்கேயே தொழில்முறை வீரரானவர். 1988 மே மாதத்தில் அதே நகரின் மற்றொரு முதல் பிரிவுக் கழகமான ஆர்.சி. லியேஜ் 30 லட்சம் பெல்ஜிய பிராங்க் செலுத்தி அவரைப் பெற்றது. ஊக்கத்தொகைகள் உட்பட அவருடைய சராசரி மாத ஊதியம் 1,20,000 பிராங்க். 1990 ஏப்ரல் 21 அன்று அக்கழகம் முன்வைத்த புதிய ஓராண்டு ஒப்பந்தத்தில் ஊதியம் 30,000 பிராங்க் எனக் குறிக்கப்பட்டிருந்தது. கூட்டமைப்பின் விதிகள் அனுமதித்த மிகக் குறைந்த ஊதியம் அதுவே. போஸ்மான் மறுத்தார். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே குறிக்கப்பட்ட பயிற்சி இழப்பீடு 1,17,43,000 பிராங்க்.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். ஊழியர் என்ற முறையில் அவரது மதிப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதே மனிதர் விற்பனைக்குரிய உடைமையாகக் கணக்கிடப்பட்டபோது, இரண்டாண்டுகளுக்கு முன் அவருக்குக் கொடுக்கப்பட்ட விலையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கானார். கழகம் கணக்கில் பிழை செய்யவில்லை. விதி பழைய வருமானத்தைப் பெருக்கியது, கழகம் புதிய ஊதியத்தைக் குறைத்தது. இரண்டும் சட்டப்படி சரியாகவே நடந்தன என்பதே இதில் கவனத்திற்குரியது.

கட்டாய இடமாற்றத்திற்கு எந்தக் கழகமும் முன்வரவில்லை. போஸ்மான் தாமாகவே பிரான்சின் இரண்டாம் பிரிவுக் கழகமான டன்கர்க்கை அணுகினார். அது மாதம் ஏறத்தாழ 1,00,000 பிராங்க் ஊதியமும், ஒப்பமிடுவதற்குச் சுமார் 9,00,000 பிராங்கும் தர இசைந்தது. ஜூலை 27 அன்று இரு கழகங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஓராண்டுத் தற்காலிக மாற்றத்திற்கு 12 லட்சமும், நிலையான மாற்றத்தை டன்கர்க் விரும்பினால் மேலும் 48 லட்சமும் செலுத்தப்பட வேண்டும். மொத்தம் 60 லட்சம். விதி கணக்கிட்ட விலைக்கும் சந்தை தர முன்வந்த விலைக்கும் இடையே இருந்த தொலைவு இதில் புலனாகிறது: இரண்டாவது தொகை முதலாவதில் பாதியளவே.

ஆகஸ்ட் 2 அன்று நடைபெறவிருந்த முதல் ஆட்டத்திற்கு முன் பெல்ஜியக் கூட்டமைப்பின் இடமாற்றச் சான்றிதழ் பிரெஞ்சுக் கூட்டமைப்பைச் சென்றடைய வேண்டும் என்பது உடன்பாட்டின் நிபந்தனை. டன்கர்க்கின் பணவசதியில் ஐயம் கொண்ட ஆர்.சி. லியேஜ், சான்றிதழை அனுப்புமாறு கூட்டமைப்பைக் கேட்கவில்லை. உடன்பாடு செயலற்றுப்போயிற்று. ஜூலை 31 அன்று கழகம் போஸ்மானை இடைநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 8 அன்று அவர் லியேஜ் நகர நீதிமன்றத்தை நாடினார்.

நடுவில் நிற்பவரின் இடர்

நட்சத்திர வீரர் ஒருவருக்கு இந்நிலை நேர்ந்திருக்குமா? அவரை விரும்பும் பெருங்கழகம் கேட்ட தொகையைக் கொடுத்திருக்கும். அவருக்கு வழக்காட வேண்டிய தேவையே எழாது. கடைநிலை வீரருக்கோ வருமானம் குறைவு. அதைப் பெருக்கி வரும் தொகையும் குறைவு. நல்ல ஊதியம் பெற்று, பின்னர் அணியில் இடம் இழந்த நடுத்தர வீரருக்கே இவ்விதி பொறியாக அமைந்தது. அவரது நேற்றைய ஊதியம் இன்றைய விலையை உயர்த்தியது. இன்றைய ஆட்டமோ அவ்விலையைக் கொடுக்கும் அளவுக்கு எவரையும் ஈர்க்கவில்லை. போஸ்மான் இல்லாவிடினும் வேறொருவர் வழக்குத் தொடுத்திருப்பார் என்ற கருத்து ஏற்கத்தக்கதே. ஆனால் அந்த வேறொருவரும் பெரும்பாலும் இதே படிநிலையில் நின்றவராகவே இருந்திருப்பார்.

வழக்கு நடந்த ஆண்டுகளில் அவரது பயணம் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. 1990 அக்டோபரில் பிரான்சின் சேன்-கான்தேன் கழகம் அவரைச் சேர்த்து, முதல் பருவ முடிவில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 1992 பிப்ரவரியில், தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரீயூனியன் தீவின் சேன்-தெனி கழகத்தில் சேர்ந்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1993 மே 14 அன்று பெல்ஜியத்தின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்த ஒலிம்பிக் ஷார்லருவா கழகத்துடன் ஒப்பமிட்டார். இடைநிலை நீதிமன்றம் நவம்பர் 1990இல் அவருக்கு வழங்க ஆணையிட்ட மாதாந்திர முன்பணமும் 30,000 பிராங்க்தான். அவர் மறுத்த அதே ஊதிய அளவு. தம்மைச் சேர்த்திருக்கக்கூடிய ஐரோப்பியக் கழகங்கள் அவரைப் புறக்கணித்தன எனக் கருதுவதற்குச் சூழ்நிலைச் சான்றுகள் இருப்பதாகப் பெல்ஜிய நீதிமன்றம் கண்டதை ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பும் பதிவு செய்துள்ளது. முதல் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவு வரை அவர் இறங்கியதற்கு ஆட்டத்திறன் மட்டுமே காரணம் எனக் கொள்வதற்கில்லை.

தீர்ப்பும் பயனடைந்தோரும்

லூக் மிசோன், ழான்-லூயி துய்போன் ஆகிய வழக்கறிஞர்கள் போஸ்மானுக்காக வாதிட்டனர். சிறு கழகங்கள் இடமாற்றத் தொகையால்தான் வாழ்கின்றன, இளைஞர் பயிற்சிக்கும் அதுவே ஊக்கம் என எதிர்த்தரப்பு கூறியது. நோக்கம் நியாயமானது என நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் அத்தொகை வருமா என்பது உறுதியற்றது, பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவோடும் தொடர்பற்றது என்ற அடிப்படையில் வாதத்தை நிராகரித்தது. முன்னதாகச் செப்டம்பர் 20 அன்று அட்வகேட் ஜெனரல் கார்ல் ஓட்டோ லென்ஸ் வழங்கிய கருத்துரையும் இதே திசையில் அமைந்தது. அந்நீதிமன்றம் தொழிலாளரின் தடையற்ற இடப்பெயர்வைக் கூறும் 48ஆம் உறுப்போடு நின்றுகொண்டது. போட்டிச் சட்டத்தின்படியும் இவ்விதிகள் குற்றமா என்ற கேள்விக்கு விடையளிக்கத் தேவையில்லை என விட்டுவிட்டது.

பயன் உடனடியாகச் சென்றது உச்சியில் இருந்தவர்களுக்கே. 1995 மே மாதத்தில் ஐரோப்பிய வாகையர் பட்டம் வென்ற அயாக்ஸ் அணியின் எட்கர் டேவிட்ஸ் 1996இலும், பேட்ரிக் க்ளூயிவர்ட் 1997இலும் தொகையின்றி மிலான் கழகத்திற்குச் சென்றனர். தாமே வளர்த்த வீரர்களை அயாக்ஸ் வெறுங்கையோடு இழந்தது. எதிர்த்தரப்பின் அச்சம் முற்றிலும் பொய்யன்று என்பதை இது காட்டுகிறது. பழைய கழகத்திற்குச் சென்ற பணம் வீரரின் ஊதியமாக மாறியது; பேரம் பேசும் வலிமையுள்ள வீரருக்கே அது வாய்த்தது. தீர்ப்பின்போது 31 வயதாகியிருந்த போஸ்மான் முதல் பிரிவு ஆட்டத்திற்குத் திரும்பவில்லை. பிற்காலப் பொருளாதார நெருக்கடியை அவரே பேட்டிகளில் வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

1995இல் விடையளிக்கப்படாத போட்டிச் சட்டக் கேள்வி மீண்டும் எழுந்தபோதும் முன்னின்றவர் ஒரு நடுக்கள வீரரே. செல்சி, ஆர்சனல், போர்ட்ஸ்மவுத், ரியல் மாட்ரிட் எனப் பல கழகங்களில் ஆடிய லசானா தியாராவின் ஒப்பந்தத்தை மாஸ்கோவின் லோகோமோடிவ் கழகம் 2014இல் முறித்தது. அவர் 1.05 கோடி யூரோ இழப்பீடு செலுத்த வேண்டும் என ஃபிஃபா முடிவு செய்தது. பெல்ஜியத்தின் ஸ்போர்ட்டிங் ஷார்லருவா அவரைச் சேர்க்க விரும்பியது. ஆனால் அவ்விழப்பீட்டுக்குப் புதிய கழகமும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும், சர்வதேச இடமாற்றச் சான்றிதழை மறுக்க இடமளித்த விதியும் குறுக்கே நின்றன. மீண்டும் சான்றிதழ், மீண்டும் பெல்ஜிய நீதிமன்றம், மீண்டும் துய்போன். 2024 அக்டோபர் 4 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம் அவ்விதிகள் இடப்பெயர்வு உரிமைக்கும் போட்டிச் சட்டத்திற்கும் முரணானவை எனத் தீர்ப்பளித்தது. தியாரா ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்று அப்போது ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.