ஏழு அக்கா தங்கச்சிகளும் 37 அடி கூந்தலும்

கொஞ்சம் நீளமான த்ரெட். தலைமுடி பற்றியது, ஆனா எண்ணெய் காய்ச்சும் செய்முறை இதில் கிடையாது. முதல்லயே சொல்லிடறேன்.

போன மாசம் ஓபியில் ஒரு அம்மா, கூட இருபதைத் தாண்டிய பொண்ணு. பொண்ணுக்கு மூணு மாசத்துக்கு முன்னாடி டெங்கு வந்து அட்மிட் ஆகி வீட்டுக்குப் போனவங்க. இப்போ சீப்பு வெச்சா கொத்துக் கொத்தா முடி வருது. "ரெண்டு வாரத்துல பொண்ணு பாக்க வர்றாங்க டாக்டர். முழ நீளம் பின்னல் இருந்துச்சு, எலி வாலாட்டம் ஆயிடுச்சு" என்று சொல்லி அம்மா பையிலிருந்து மூணு எண்ணெய் பாட்டிலை எடுத்து மேசையில் வெச்சாங்க. மூணு லேபிளிலும் ஒரே மாதிரி படம். முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண், முழங்கால் வரை கூந்தல். முகம் தெரியாது.

அதைப் பார்த்ததும் எனக்கு சதர்லேண்ட் சகோதரிகள் ஞாபகம் வந்தது. ஓபியில் எழுபது பேர் க்யூவில் நிற்கும்போது அந்தக் கதையைச் சொல்ல முடியாது. அதனால இங்கே சொல்றேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம், நயாகரா அருவிக்குக் கொஞ்ச தூரத்தில் லாக்போர்ட் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப்பக்கம் வான்கோழி வளர்த்துப் பிழைத்த ஒரு ஏழைக் குடும்பம். அப்பா பெயர் பிளெட்சர் சதர்லேண்ட், பிரசங்கம் செய்பவர். பெண்கள் ஏழு பேர்: சாரா, விக்டோரியா, இசபெல்லா, கிரேஸ், நவோமி, டோரா, மேரி. கூடவே ஒரு பையனும் உண்டு, பாவம், அவனை யாரும் ஞாபகம் வெச்சுக்கல. பெண்களுடைய தலையில் அம்மா ஏதோ ஒரு களிம்பைத் தேய்ப்பாராம். அந்த நாற்றத்தில் பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்களாம். 1867-ல் அம்மா இறந்துபோனார்.

பிள்ளைகளுக்கு நல்லா பாட வரும். அப்பா அவர்களைச் சர்ச்சிலும் சந்தைகளிலும் பாட வைத்தார். பிறகு பெரிய ஊர் மேடைகள், 1880-களில் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ். ஆனா கூட்டம் வந்தது பாட்டுக்கு இல்லை என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. ஏழு பேரும் கொண்டையை அவிழ்த்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பார்கள். ஏழு தலைமுடியையும் சேர்த்தால் 37 அடி. விக்டோரியாவுக்கு மட்டும் 7 அடி, அதாவது அவரை விட அவர் முடி உயரம். மூத்தவர் சாராவுக்குத்தான் குறைச்சல், 3 அடி. (இந்த ரெண்டு எண்ணையும் மனசில் வெச்சுக்குங்க, அப்புறம் தேவைப்படும்.)

இதுல அப்படி என்ன அதிசயம்னு கேட்கலாம். அந்தக் காலத்து வழக்கம் தெரிஞ்சாத்தான் புரியும். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சின்னப் பொண்ணுங்க முடியைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். பதினாறு, பதினெட்டு வயசானதும் மேலே தூக்கிக் கொண்டை போட்டாகணும். இவள் கல்யாணத்துக்குத் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். அதுக்கப்புறம் அவிழ்ந்த கூந்தலை வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது. பார்க்கிற உரிமை புருஷனுக்கு மட்டும். அப்படிப்பட்ட ஊரில் ஏழு வளர்ந்த பெண்கள் மேடையேறி முடியை அவிழ்த்தால் என்ன ஆகும்? டிக்கெட் விற்றுத் தீர்ந்தது.

அப்பா அடுத்த படிக்குப் போனார். 1880-களின் தொடக்கத்திலேயே 'செவன் சதர்லேண்ட் சிஸ்டர்ஸ் ஹேர் க்ரோவர்' என்று ஒரு பாட்டில் கடைக்கு வந்துவிட்டது. நவோமியின் கணவர் ஜே. ஹென்றி பெய்லி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார். முதல் வருஷமே 90,000 டாலர் விற்பனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விலை அரை டாலரிலிருந்து ஒன்றரை டாலர் வரை. வேலைக்காரப் பெண்ணுக்கும் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் அது பல நாள் கூலி. பெண்ணின் கவர்ச்சி தொப்பியில் இல்லை, முடியில்தான் இருக்கிறது என்கிற மாதிரி விளம்பரம் செய்தார்கள். யோசிச்சுப் பாருங்க, தொப்பியைக் கடன் வாங்கிக்கலாம். முடி இல்லாத பொண்ணு என்ன செய்வா? பாட்டில் வாங்குவா.

பாட்டிலில் என்ன இருந்தது? அந்தக் காலத்து மருந்தாளர் இதழ் ஒன்று பரிசோதித்துப் பார்த்தது. பாதிக்கு மேல் விட்ச் ஹேசல் என்ற செடியின் வடிநீர். மிச்சம் பே ரம், அதாவது முகச்சவரத்துக்கு அப்புறம் ஆண்கள் பூசிக்கொள்கிற வாசனைச் சாராயம். அதோடு துளி உப்பு, துளி மக்னீசியா, துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளிர்ச்சியா இருக்கும், வாசனையா இருக்கும். முடி வளராது.

இப்போ கொஞ்சம் பாடம். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கு. ஒவ்வொன்றும் மாசத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். நீங்க என்ன தேய்ச்சாலும் பெரிசா மாறாத வேகம் அது. ஒரு முடி எவ்வளவு நீளம் போகும் என்பது அது எத்தனை வருஷம் விடாமல் வளர்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த வளர்ச்சிக் காலத்துக்கு அனாஜென் என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 6 வருஷம். அப்புறம் ஓய்வெடுத்து உதிர்ந்துவிடும். சிலருக்கு இடுப்பைத் தாண்டாது, சிலருக்கு முழங்கால் தொடும். பரம்பரைதான் பெரிய காரணம்.

விக்டோரியாவின் 7 அடி என்பது சுமார் 213 செ.மீ. வருஷத்துக்கு 12 என்று வகுத்தால் கிட்டத்தட்ட 18 வருஷம் ஒரு முடி உதிராமல் வளர்ந்திருக்கிறது. அபூர்வம், ஆனா அது மரபணு செய்த வேலை. சரி, சாரா? அதே வீடு, அதே அம்மா, அதே களிம்பு, அதே பாட்டில். 3 அடி. விளம்பரப் படத்திலேயே உண்மை நின்றுகொண்டிருந்தது, யாரும் அளந்து பார்க்கவில்லை. இன்னொன்று, அவர்களுடைய முடி மேடையில் பேர் வாங்கிய பிறகுதான் பாட்டிலே வந்தது.

பணம் கொட்டியது. 1893-ல் குடும்ப நிலத்திலேயே ஒரு மாளிகை கட்டினார்கள். தலை வாரிவிடத் தனித்தனிப் பணிப்பெண்கள் இருந்ததாகச் சொல்வார்கள். அதே வருஷம் நவோமி இறந்துபோனார். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வயிற்றைப் பிசையும். ஏழு பேர் இருந்தால்தான் பிராண்டு. அதனால் நீளக் கூந்தல் உள்ள வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து ஏழாவது இடத்தில் நிறுத்தினார்கள். முதுகைக் காட்டி நிற்பவர்கள்தானே, முகம் மாறினால் யாருக்குத் தெரியப் போகுது.

கூந்தலால் கவர்ந்தவர்களின் சொந்த வாழ்க்கை ஒன்றும் பெரிசா இல்லை. சில பேர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. விக்டோரியா ஐம்பதை நெருங்கும்போது 19 வயசுப் பையனைக் கட்டிக்கொண்டார், ஊர் சிரித்தது. இதே காலத்தில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்துக்கும் கணுக்கால் வரை முடி. தினமும் ரெண்டு மூணு மணி நேரம் தலை வார மட்டும். அந்த எடையால் தலைவலி வரும், அப்போ முடியை ரிப்பனில் கட்டி மேலே தொங்கவிட்டுக்கொள்வார். பேரரசிக்கே அதுதான் கதி.

பிறகு எல்லாம் மாறியது, அதுவும் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள்.

முதல் உலகப் போர் வந்தது. பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். ஐரீன் காசில் என்ற புகழ்பெற்ற நடனக்காரர் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது. படுக்கையில் முடியைப் பராமரிப்பது தொல்லை என்று காதளவுக்கு வெட்டிக்கொண்டார். ரசிகைகள் அதையே கேட்டு வெட்டிக்கொண்டார்கள். (ஆஸ்பத்திரி வசதிக்காக ஆரம்பிச்ச ஃபேஷன் என்பதில் எனக்கொரு சின்ன சந்தோஷம்.)

இன்னொரு மாற்றம் முக்கியமானது. அதுவரை அமெரிக்காவில் ஒரு பையன் ஒரு பொண்ணைப் பார்க்கணும்னா அவள் வீட்டுக் கூடத்தில், அம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான் பார்க்கணும். நம்ம பெண் பார்க்கும் சடங்குக்குத் தூரத்துச் சொந்தம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது உடைந்து ரெண்டு பேரும் வெளியே போக ஆரம்பித்தார்கள். 'டேட்டிங்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. சினிமா, நடனக் கூடம், திறந்த கார். மூணு அடிக் கொண்டையோடு இதெல்லாம் ஆகாது.

ஃபிட்ஸ்ஜெரால்டு 1920-ல் ஒரு சிறுகதை எழுதினார், 'பெர்னிஸ் பாப்ஸ் ஹேர் ஹேர்'. பெர்னிஸ் கூச்ச சுபாவக்காரி, எந்தப் பையனும் திரும்பிப் பார்க்க மாட்டான். முடியை வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லத் தொடங்கியதும் பையன்கள் மொய்க்கிறார்கள். நிஜமாகவே வெட்டியதும் அத்தனை பேரும் காணாமல் போகிறார்கள். அவளை அதில் மாட்டிவிட்ட அத்தை மகள் தூங்கும்போது பெர்னிஸ் என்ன செய்தாள் என்பதைக் கதையிலேயே படிச்சுக்குங்க. சில வருஷத்தில் நிலைமை தலைகீழ். பாப் வெட்டிய பெண்தான் நாகரிகம், நீள முடிக்காரி பட்டிக்காடு. நீளச் சுருள் முடிக்கே பேர்போன நடிகை மேரி பிக்ஃபோர்டு 1928-ல் வெட்டிக்கொண்டபோது அது பெரிய செய்தி.

என் தொழில்காரர்கள் இதில் செய்த கூத்தையும் சொல்லணும். பின்கழுத்து வரை ஒட்ட வெட்டுவதற்கு 'ஷிங்கிள்' என்று பெயர். அப்படி வெட்டினால் நரம்பு குளிர்ந்து 'ஷிங்கிள் தலைவலி' வரும் என்று பேசினார்கள். வழுக்கை விழும், தாடி முளைக்கும் என்றுகூட எச்சரிக்கை. பெண்ணின் முடி விஷயத்தில் ஊருக்கு என்ன பிடிக்கலையோ, அதுக்கு ஒரு நோயின் பெயர் வைக்க டாக்டர்கள் தயாராத்தான் இருந்திருக்கோம்.

சகோதரிகளின் வியாபாரம் அதோடு படுத்தது. டோரா கனடாவின் வின்னிபெக்கில் கார் விபத்தில் இறந்தார். மிஞ்சியவர்களால் மாளிகையைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை, 1931-ல் கைமாறியது. 1938-ல் அது எரிந்தே போனது. கடைசியாக மிஞ்சிய கிரேஸ் 1946-ல் வறுமையில் இறந்தார், தொண்ணூறைத் தாண்டி. லட்சக்கணக்கில் பாட்டில் விற்ற குடும்பம். அதே முடி, அதே நீளம், பார்க்கிறவர்கள் கண்தான் மாறிப்போச்சு.

சரி, நம்ம பொண்ணு. டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல், பிரசவம், பட்டினி டயட், இதுக்கெல்லாம் அப்புறம் ரெண்டு மூணு மாசத்தில் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்க் கொட்டும். டெலோஜென் எஃப்லூவியம் என்று பெயர். வேர் சாகாது. பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள் கொட்டுவது அடங்கி, தானாகவே திரும்ப முளைக்கும். கூட ரத்தசோகையோ தைராய்டோ இருந்தா தாமதமாகும், அதனால அதைப் பார்க்கணும். பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.2.

படி ஏறினா மூச்சு வாங்குதா என்று கேட்டேன். "ஆமா சார், ரெண்டு வருஷமாவே" என்றாள் பொண்ணு. அதுக்காக ஒரு தடவை கூட யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரல. மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று அதுக்கு அப்புறம்தான் பேச முடிந்தது. இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை எழுதிக்கொடுத்து, மாதவிடாய்க்கு ஸ்கேனும் எழுதினேன்.

அம்மா எழுந்திருக்கும்போது கேட்டாங்க, "அப்ப இந்த எண்ணெய் சார்?"

தேய்ச்சுக்கட்டும்மா, வாசனையா இருக்கும்னேன். நாலாவது பாட்டில் மட்டும் வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு பேரீச்சம்பழமும் ஈரலும் வாங்கிக் கொடுங்கன்னேன். சிரிச்சாங்க. கேட்டாங்களான்னு அடுத்த மாசம் ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

முடி கொட்டுது என்பவர்கள் கமெண்டில் கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். கூடவே கடைசியா எப்போ ஹீமோகுளோபின் பார்த்தீங்கன்னும் எழுதுங்க. எந்த பிராண்டு எண்ணெய் நல்லதுன்னு மட்டும் கேட்காதீங்க.