பழங்கிளையும் புதுத்தளிரும்

ஜப்பானிலிருந்து உலகெங்கும் பரவிய ஹைட்ராஞ்சியா, அடுத்த கோடைக்குரிய மொட்டுகளை முந்தைய ஆண்டுக் கிளையிலேயே ஒளித்துவைக்கும். கடுங்குளிர் நிலங்களில் பனி அவற்றைக் கருக்கிவிடும். செடி பிழைக்கும், பூ இராது.

1998 செப்டம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து நாற்றுப்பண்ணை ஒன்றில், பருவம் கடந்தும் பூத்து நின்ற செடிகளைத் தோட்டக்கலைப் பேராசிரியர் மைக்கேல் டிர் கண்டார். அவ்வாண்டுத் தளிரிலும் அவை பூத்தன. 2004-இல் அவ்வகை 'எண்ட்லெஸ் சம்மர்' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. பின்னர் வந்த குறுவகைகள் தொட்டிகளிலும் அடங்கின.

அப்பண்பு அன்று பிறந்ததன்று. அச்செடிகளில் முன்பே இருந்தது. கண்டவரின் பெயரை நாம் வரலாற்றில் எழுதுகிறோம். அவர் வருமுன் அச்செடிகளுக்கு நீர் வார்த்த கைகளை எழுத மறந்துவிடுகிறோம். பூத்ததற்குக் காரணம் கண்கள் மட்டுமல்லவே!