ஹாம்லெட் நாடகத்தில் மெய்ப்பித்தும் பொய்ப்பித்தும்

முன்னுரை

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகம் 1603-இல் முதன்முதலாக அச்சில் வெளிவந்தது. அதில் இளவரசன் ஹாம்லெட் பித்தனாக நடிக்கிறான்; ஒஃபீலியாவோ உண்மையாகவே சித்தம் கலங்குகிறாள். ஹாம்லெட்டின் பித்து மெய்யா, பொய்யா என்பது நெடுங்கால விவாதம். இக்கட்டுரை அவ்விருவரின் பித்தையும் மூலக்கதையோடும் அக்கால இங்கிலாந்துச் சட்டத்தோடும் இணைத்து ஆராய்கிறது.

மூலக்கதையில் பித்து

இக்கதையின் பழைய வடிவம், டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்ஸோ கிராமட்டிகஸ் 1200-ஆம் ஆண்டையொட்டி இலத்தீனில் எழுதிய நூலில் உள்ளது. அங்கே ஆம்லெத்தின் தந்தையை உடன்பிறந்தவனே கொன்றது ஊரறிந்த செய்தி. ஆகவே உயிர் பிழைக்க ஆம்லெத் பித்தனாக நடிக்கிறான். ஷேக்ஸ்பியர் கொலையை மறைவானதாக்கினார். அதனால் வேடம் தன் பழைய தேவையை இழந்து, மன்னனின் ஐயத்தையே வளர்க்கிறது. மூலக்கதையில் ஆம்லெத்தைச் சோதிக்க அனுப்பப்படும் பெண் சித்தம் கலங்குவதில்லை. மெய்ப்பித்து அக்கதையில் இல்லாத கூறாகும்.

வேடம் தந்த காப்பு

மூன்றாம் அங்கத்தில் ஹாம்லெட், ஒஃபீலியாவின் தந்தை பொலோனியஸைக் கொல்கிறான். அதே காட்சியில், தான் பித்தனல்லன், சூழ்ச்சியாகவே நடிப்பதாகத் தாயிடம் கூறுகிறான். ஆயின் ஐந்தாம் அங்கத்தில் பொலோனியஸின் மகன் லேயர்டீஸிடம், அத்தீங்கைச் செய்தது தன் பித்தே என்கிறான். சித்தம் கலங்கியவருக்குக் குற்றப்பொறுப்பு இல்லை என்பது அக்கால இங்கிலாந்துச் சட்டக் கருத்து. அவ்விலக்கையே ஹாம்லெட் நாடுகிறான்.

மெய்ப்பித்துக்குக் கிட்டாத விலக்கு

அன்று தற்கொலை பெருங்குற்றம். குற்றம் உறுதியானால் இறந்தவரின் உடைமை அரசைச் சேரும். திருச்சபைச் சடங்குடன் அடக்கம் மறுக்கப்படும். சித்தம் கலங்கி இறந்தோருக்கு விலக்கு உண்டு. ஒஃபீலியாவின் கலக்கத்தை நான்காம் அங்கத்தில் அரசனும் அரசியும் நேரில் காண்கின்றனர். எனினும் குழிவெட்டுவோர், அவள் வேண்டுமென்றே இறந்தாளா என்பதையும் அவளது உயர்குடிப் பிறப்பையுமே பேசுகின்றனர். குருவானவர் இறப்பு ஐயத்துக்குரியதெனச் சடங்கைச் சுருக்குகிறார். லேயர்டீஸ் தங்கையின் அறிவிழப்பைக் குறிப்பிட்டாலும், அதைச் சடங்குக்குரிய நியாயமாக முன்வைப்பதில்லை. உடனிருக்கும் அரசனும் அரசியும் அதைச் சொல்வதில்லை.

முடிவுரை

சட்டம் தந்த விலக்கு, அதனைக் கேட்பவருக்கே பயன்பட்டது. நடித்தவன் தனக்காக வாதிட்டான். உண்மையில் கலங்கியவளுக்காக வாதிட எவருமில்லை. ஆகவே பித்தின் மெய்ம்மையை மட்டும் ஆராய்வது போதாது. அதனை எடுத்துரைக்கும் உரிமை எவரிடம் இருந்தது என்பதும் ஆராயத்தக்கது.