பள்ளிப் பிள்ளைகளிடையே சீண்டித் துன்புறுத்துதல்: கொல்லிமலைப் பெற்றோரும் பாதுகாவலரும் அறிய வேண்டியவை

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை, விடுதிக்குத் திரும்ப வேண்டிய நாளன்று காலையில் வயிறு வலிக்கிறது என்கிறது. பேருந்து போன பிறகு வலி குறைந்துவிடுகிறது. அடுத்த முறையும் அவ்வாறே நிகழ்கிறது. இதை நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அச்சத்தினால் வரும் வயிற்றுவலியும் உண்மையான வலியே. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் குறை ஏதும் இல்லை என்று அவர் கூறினால், பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டிய நேரம் அது.

எது சீண்டல், எது சண்டை?

பிள்ளைகள் சண்டையிடுவதும் மறுநாளே சேர்ந்து விளையாடுவதும் இயல்பு. சீண்டித் துன்புறுத்துதல் என்பது வேறு. ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப, வேண்டுமென்றே, தன்னைக் காத்துக்கொள்ள இயலாத நிலையில் வைத்துத் துன்புறுத்துவதே அது. நார்வே நாட்டு உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970-களில் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து இவ்வரையறை பரவலாயிற்று. அடிப்பதும் பொருளைப் பறிப்பதும் மட்டுமன்று. பட்டப்பெயர் வைத்தல், உணவு வேளையில் ஒதுக்கி வைத்தல், வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுக் கேலி செய்தல் ஆகியனவும் இதில் அடங்கும். உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர், ஒரு மாத காலத்தில் ஒருமுறையேனும் சக மாணவரால் இவ்வாறு துன்புறுத்தப்படுவதாக யுனெஸ்கோ 2019-இல் தெரிவித்தது.

மலைப்பிள்ளைகளுக்கு இதில் கூடுதலான ஒரு சுமை உண்டு. மேற்படிப்புக்காக நாமக்கல், இராசிபுரம், சேலம் போன்ற ஊர்களுக்கு இறங்கிச் செல்லும் பிள்ளையின் பேச்சு வழக்கும் உடையும் பழங்குடி அடையாளமும் கேலிப்பொருளாகக் கூடும். ‘மலையாளி’ என்ற இனப்பெயரைக் கேட்டு, கேரளத்தவரா என்று சிரிப்பவர்களும் உண்டு. உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மற்றொரு இடர்ப்பாடு: பகலில் சீண்டியவரே இரவிலும் அதே அறையில் இருக்கலாம், மாலையில் வீடு திரும்பி மூச்சுவிட வழியில்லை.

உடலிலும் மனத்திலும் ஏற்படும் விளைவுகள்

தலைவலி, உறக்கமின்மை, பசியின்மை, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், மதிப்பெண் சரிவு, கிழிந்த புத்தகம், காரணம் சொல்லப்படாத காயம் ஆகியவற்றைக் கவனியுங்கள். தொடர்ந்தால் மனச்சோர்வும் பதற்றமும் உண்டாகும். சில பிள்ளைகள் தம்மினும் சிறியவர்களைச் சீண்டத் தொடங்குவர். இருபுறமும் சிக்கிய இப்பிள்ளைகளே பெரும்பாலும் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று கூறுவோர் ஒன்றை அறிய வேண்டும். பிரிட்டனில் 1958-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏழு முதல் பதினொரு வயதுக்குள் அடிக்கடி சீண்டப்பட்டவர்களிடம் நாற்பத்தைந்தாவது வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன.

நாங்குநேரி கற்றுத் தருவது

2023 ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் சக மாணவர்களின் சாதிய வன்கொடுமையால் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தினார். காரணம் கேட்கப்பட்டபோது செய்தி பள்ளிக்குத் தெரியவந்தது. அதன் பிறகு இரவில் அவரது வீட்டுக்குள் புகுந்து அவரை அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் படுகாயமுற்றார். அம்மாணவர் மீண்டு, மறு ஆண்டு பொதுத்தேர்வில் தேர்ச்சியும் பெற்றார். தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு, 2024 ஜூன் மாதம் தனது அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு போன்ற அடையாளங்களை மாணவர்கள் அணியக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

பெற்றோர் இதிலிருந்து இரண்டைக் கருத்தில் கொள்ளலாம். பள்ளிக்குச் செல்ல மறுப்பதே முதல் அறிகுறியாக இருக்கலாம். அடுத்து, புகார் அளிப்பது மட்டும் போதாது; புகாருக்குப் பின் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் அப்போதே கேட்டுத் தெளிய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

நேருக்கு நேர் அமர்த்தி விசாரணை நடத்தாதீர்கள். மிளகு பறிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ பேச்சைத் தொடங்குங்கள். ‘உன்னை யார் அடித்தது?’ என்பதைவிட, ‘சாப்பிடும்போது யாருடன் உட்காருகிறாய்?’ என்ற கேள்விக்கு எளிதாக விடை வரும். பிள்ளை கூறியதும், ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்காதீர்கள். ‘நீயும் திருப்பி அடி’ என்றும் கூறாதீர்கள்; தன்னைக் காத்துக்கொள்ள முடியாததனால்தான் பிள்ளை உங்களிடம் வந்திருக்கிறது.

நடந்தவற்றைத் தேதியுடன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் தெரிந்தவர் உதவியை நாடலாம். வகுப்பாசிரியரையும் தலைமையாசிரியரையும், விடுதியில் இருப்பின் காப்பாளரையும் நேரில் சந்தியுங்கள். படுக்கும் இடத்தை மாற்றுவீர்களா, இரவில் யார் மேற்பார்வையிடுவர், மீண்டும் எப்போது பேசலாம் என்று கேளுங்கள். சீண்டிய பிள்ளையின் வீட்டுக்கு நீங்களாகச் சென்று வாதிடுவது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும்.

உங்கள் பிள்ளையே பிறரைச் சீண்டுகிறது என்று ஆசிரியர் கூறினால், மறுப்பதற்கு முன் கேளுங்கள். அடித்துத் திருத்த முயன்றால், வலியவர் எளியவரை அடிக்கலாம் என்பதையே பிள்ளை மீண்டும் கற்கும்.

உடனடியாக உதவி நாட வேண்டிய நிலை

‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்பது போன்ற பேச்சு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவற்றைக் கண்டால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகாது. வீட்டில் பூச்சிக்கொல்லி மருந்து இருந்தால் அன்றே பூட்டி வையுங்கள் அல்லது வீட்டை விட்டு அகற்றுங்கள். உயிருக்கு ஆபத்து எனில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரைக் காண வேண்டும் என்று கேளுங்கள்.

தொலைபேசி வழி உதவி: மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் 14417, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. 1098-ஐப் பிள்ளையே நேரடியாகவும் அழைக்கலாம். மலையில் கைப்பேசி இணைப்பு கிடைக்காத இடங்கள் இருப்பதால், இவ்வெண்களைப் பிள்ளையின் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்து, விடுதியில் எந்தத் தொலைபேசியைப் பயன்படுத்தலாம் என்பதைக் காப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.