தண்ணீர் வேகம் ஏறி இறங்குவது ஏன்? பம்பு வாங்கும் முன் வீட்டிலேயே காரணம் காணும் வழி

காலை ஆறு மணி. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். குளியலறைக் குழாயில் தண்ணீர் நூல்போல் வரும். பத்து மணிக்குத் துணி துவைக்கத் திறந்தால் அதே குழாய் சீறிக்கொண்டு கொட்டும். மாலையில் மறுபடியும் நூல். ஈப்போ சுற்றுவட்டாரத் தாமான்களிலும், சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா பக்கம் பழைய ரப்பர் தோட்டங்களின் லயத்து வீடுகளிலும் இது பழகிப்போன தொல்லை.

பலரும் உடனே ஒரு பம்பு வாங்கிப் பொருத்துகிறார்கள். சிலருக்கு அதனால் பயன் கிடைக்கிறது. பலருக்குப் பணம் போனதுதான் மிச்சம். அடைபட்ட வடிகட்டியையோ, பாதி மூடிக்கிடக்கும் வால்வையோ, ஓட்டைக் குழாயையோ எந்தப் பம்பும் சரிசெய்யாது. கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வாளியும் கைப்பேசியில் உள்ள கடிகாரமும் போதும்.

தண்ணீர் வரும் பாதை

பேராக்கில் குழாய்த் தண்ணீரை விநியோகிப்பது பேராக் நீர் வாரியம். ஈப்போவுக்கு வரும் தண்ணீரில் ஒரு பகுதி உலு கிந்தா மலைப்பகுதி நீர்த்தேக்கத்திலிருந்தும், இன்னொரு பகுதி பேராக் ஆற்றிலிருந்தும் எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. அது மேட்டு நிலத்தில் உள்ள பெரிய தொட்டிகளுக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து சாலையோரக் குழாய்கள் வழியாக நம் வீட்டு மீட்டருக்கு வருகிறது.

மீட்டர் வரை உள்ள குழாய் வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. மீட்டருக்குப் பிறகு முதன்மை வால்வு, பல வீடுகளில் வாசலில் நிற்கும் மணல் ஃபில்டர், அதன்பின் இரண்டு கிளைகள். பெரும்பாலான வீடுகளில் ஒரு கிளை நேராகச் சமையலறைக்குப் போகும். மற்றது கூரைக்கடியில் உள்ள டாங்கியில் ஏறி, அங்கிருந்து குளியலறைக்கும் கழிப்பறைக்கும் இறங்கும்.

எந்தக் குழாய் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதை அறிய எளிய வழி உண்டு. மீட்டர் அருகே உள்ள முதன்மை வால்வை மூடிவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள். சற்று நேரத்தில் நின்றுபோனால் அது நேரடிக் குழாய். தொடர்ந்து ஓடினால் அது டாங்கிக் குழாய். இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

வாளிச் சோதனை

பத்து லிட்டர் வாளியை நேரடிக் குழாயின் கீழ் வைத்து முழுதாகத் திறந்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 60 விநாடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 120 விநாடி என்றால் 5 லிட்டர். காலை ஆறரை, நண்பகல், இரவு எட்டு, இரவு பதினொன்று என நான்கு நேரங்களில் மூன்று நாள்களுக்குச் செய்து எழுதி வையுங்கள். டாங்கிக் குழாய் ஒன்றிலும் இதையே செய்யுங்கள். பிறகு புகார் செய்ய நேர்ந்தால், "தண்ணீர் மெதுவாக வருகிறது" என்று சொல்வதைவிட இந்தக் கணக்குக்கு வலு அதிகம்.

அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் காணுங்கள்

காலையும் மாலையும் மட்டும் குறைகிறது, பக்கத்து வீட்டிலும் அப்படியே: காரணம் சாலைக் குழாயில் இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்கும்போது குழாய் நெடுகிலும் அழுத்தம் குறையும். மேட்டில் உள்ள வீடுகளும் குழாயின் கடைசியில் உள்ள வீடுகளும் முதலில் பாதிக்கப்படும். பத்து மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் போய்விடும்.

நாள் முழுதும் குறைவு, பக்கத்து வீட்டில் நன்றாக வருகிறது: உங்கள் முதன்மை வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மணல் ஃபில்டர். அதை பைபாஸ் நிலைக்குத் திருப்பி மறுபடி வாளிச் சோதனை செய்யுங்கள். வேகம் கூடினால் மணல் அடைத்திருக்கிறது. அழுக்கு நீர் தெளியும் வரை பேக்வாஷ் செய்யுங்கள். அப்படியும் மாறாவிட்டால் உள்ளே உள்ள மணலை மாற்றும் காலம் வந்துவிட்டது. தண்ணீர்த் தடைக்குப் பிறகு கலங்கல் நீர் வரும் நாள்களில் ஃபில்டர் வேகமாக அடைபடும்.

சமையலறையில் நன்றாக வருகிறது, குளியலறையில் மட்டும் குறைவு: டாங்கிப் பக்கம் பாருங்கள். மிதவை வால்வு சிக்கிக்கொண்டு டாங்கி நிறையாமல் இருக்கலாம். டாங்கியிலிருந்து இறங்கும் வால்வு பாதி மூடியிருக்கலாம். அடியில் சேர்ந்த சேறு வாயை அடைத்திருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் அது கோளாறே அல்ல. ஷவருக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் டாங்கி இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.2 பார்தான்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைவு: குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். ஷவர் தலையைக் காடியில் ஊறவைத்துத் தேயுங்கள். குழாய் அதிர்ந்து சத்தம் போட்டால் உள்ளே உள்ள வாஷர் தளர்ந்திருக்கும். வாஷர் ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும்.

ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் குழாயைத் திறந்தால் குறைகிறது: உள் குழாய் சிறியது அல்லது துருப்பிடித்துச் சுருங்கிவிட்டது. பழைய வீடுகளில் உள்ள கல்வனைஸ் இரும்புக் குழாயில் இது சகஜம். துவாரத்தின் விட்டம் பாதியானால் தண்ணீர் போகும் பரப்பு கால் பங்காகிவிடும். காலையில் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். இதற்குத் தீர்வு குழாயை மாற்றுவதுதான்.

வாட்டர் ஹீட்டர் எரிந்து எரிந்து அணைகிறது: உடனடிச் சூட்டு வகை ஹீட்டர், குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடினால்தான் வேலை செய்யும். அதன் நுழைவாயில் சல்லடை அடைபட்டிருக்கலாம். மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சிலேயே நிறுத்தாமல் தொடாதீர்கள். மூடியைக் கழற்றும் வேலையை மின்பணியாளரிடம் விடுங்கள். உயிரோடு விளையாட வேண்டாம்.

பம்பு உள்ள வீட்டில் தண்ணீர் துடித்துத் துடித்து வருகிறது: பம்போடு உள்ள சிறிய அழுத்தத் தொட்டியில் காற்று போயிருக்கலாம். யாரும் குழாய் திறக்காத நள்ளிரவில் பம்பு தானாக ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. முதல் சந்தேகம் கழிப்பறைத் தொட்டி. அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டு அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழே நிறம் இறங்கினால் வால்வு கசிகிறது.

காற்றும் தண்ணீருமாகத் துப்புகிறது: தண்ணீர்த் தடைக்குப் பின் குழாயில் காற்று புகுந்திருக்கும். வீட்டில் மிகத் தாழ்வான நேரடிக் குழாயை மெல்லத் திறந்து சீராகும் வரை ஓடவிடுங்கள்.

ஒழுகல் இருக்கிறதா?

டாங்கி நிறைந்த பிறகு எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தாலோ மீட்டரில் உள்ள சிறு சக்கரம் சுழன்றாலோ உங்கள் பக்கம் ஒழுகுகிறது. அழுத்தமும் போகும், பில்லும் ஏறும். மலேசியா முழுதும் சுத்திகரித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பில்லுக்கு வராமலே போகிறது. பழைய குழாய் உடைப்புகளே அதற்கு முக்கியக் காரணம். சாலையோரத்தில் வெயில் நாளிலும் ஈரமாக இருக்கும் இடத்தைக் கண்டால் வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

தோட்டத்து வீடுகளில்

தோட்டத்து நிலைமை வேறு. பல தோட்டங்களில் நுழைவாயிலில் ஒரே ஒரு பெரிய மீட்டர் இருக்கும். அதற்குப் பிறகு லயம் வரை போகும் குழாய் தோட்டத்துக்குச் சொந்தம். பல ஆண்டுகளுக்கு முன் புதைத்த குழாய். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் குழாய் மட்டும் மாறாமல் இருக்கும். மீட்டர் வரை நல்ல அழுத்தம் வந்தால், உள்ளே உள்ள குறைக்கு வாரியத்திடம் புகார் செய்து பயனில்லை.

எனவே லயத்து மக்கள் சேர்ந்து சோதிக்க வேண்டும். முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் ஒரே நேரத்தில் வாளி வையுங்கள். பிறகு மற்ற எல்லாரும் குழாயை மூடிக்கொள்ள, கடைசி வீட்டில் மட்டும் மறுபடி பாருங்கள். அப்போது வேகம் நன்றாகக் கூடினால், எல்லாருக்கும் போதாத அளவுக்குக் குழாய் சிறியது. கூடாவிட்டால் வழியில் அடைப்போ உடைப்போ இருக்கிறது. இரவு இரண்டு மூன்று மணிக்குப் பெரிய மீட்டர் வேகமாகச் சுழன்றால் உடைப்பு என்பது ஏறக்குறைய உறுதி.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிகள் பற்றியது. தோட்டத்து வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீர் வழங்குவது முதலாளியின் கடமை என்கிறது அது. நிர்வாகம் கவனிக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவிடம் புகார் செய்யலாம். ஆனால் இந்தச் சட்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலானது. வேலை முடிந்தும் லயத்திலேயே தங்கியிருக்கும் குடும்பங்கள் இதை நம்பி இருக்க முடியாது. அவர்கள் தனி மீட்டருக்கு மனுச் செய்வது பற்றி வாரியத்திடமும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் கேட்க வேண்டும். நில, குடியிருப்பு ஆவணங்களை முன்கூட்டியே திரட்டி வைப்பது நல்லது.

பம்பு வாங்கும் முன்

சாலைக் குழாயிலிருந்து நேராக உறிஞ்சும்படி பம்பு பொருத்த அனுமதி இல்லை. அது பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் இழுக்கும். எங்காவது குழாயில் வெடிப்பு இருந்தால் சாக்கடை நீரையும் சேர்த்து இழுக்கும். பம்பு எப்போதும் டாங்கிக்குப் பிறகுதான் வர வேண்டும்.

காலை, மாலை மட்டும் குறைவு என்றால் பம்பைவிடப் பெரிய டாங்கியே ஏற்றது. பழைய வீடுகளில் உள்ள 50 கேலன் டாங்கி சுமார் 227 லிட்டர் பிடிக்கும். மலேசியர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் பயன்படுத்துகிறார். அதாவது அந்த டாங்கி ஓர் ஆளுக்குத்தான் போதும். இரவில் அழுத்தம் நன்றாக இருக்கும்போது நிறையும் பெரிய டாங்கி, காலை நெருக்கடியைத் தாங்கும். ஆனால் 1,000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். பழைய மரக்கூரை அதைத் தாங்காது. தரையில் உறுதியான மேடை கட்டி வைப்பதே பாதுகாப்பு.

பிடித்து வைக்கும் தண்ணீரில் கவனம்

அழுத்தம் குறையும் வீடுகளில் பீப்பாயும் வாளியும் நிறைந்திருக்கும். அவற்றை இறுக மூடுங்கள். திறந்த தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ரப்பர் குழாயின் முனையை வாளித் தண்ணீருக்குள் மூழ்கவிட்டுப் போகாதீர்கள். அழுத்தம் திடீரென இறங்கினால் வாளியில் உள்ள அழுக்கு நீர் வீட்டுக் குழாய்க்குள் திரும்பிப் போகும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை மறக்கக் கூடாது.

புகார் செய்யும்போது

கோளாறு சாலைப் பக்கம் என்று தெரிந்தால் தனியாகப் போகாதீர்கள். ஒரே வரிசையில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, முகவரி, பில்லில் உள்ள கணக்கு எண், மூன்று நாள் வாளிக் கணக்கு, மீட்டர் படம் ஆகியவற்றோடு வாரியத்திடம் கொடுங்கள். தொலைபேசி எண் பில்லிலேயே இருக்கும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானிடம் முறையிடலாம்.

நாளைக் காலை ஆறரைக்கு முதல் வாளியை வையுங்கள். மூன்று நாளில் கோளாறு உங்கள் வீட்டிலா, தோட்டத்துக் குழாயிலா, சாலையிலா என்பது தெரிந்துவிடும். பணத்தை எங்கே செலவழிப்பது, யாரிடம் கேட்பது என்பதும் அதோடு தெளிவாகும்.