பழவேற்காடும் மூலக்கொத்தளமும்: இரண்டு இடுகாடுகள்

அமைதியான கடலோர ஊர், பார்க்கச் சில பழைய சின்னங்கள் என்று கேட்டால் வடசென்னையில் எல்லாரும் பழவேற்காட்டைத்தான் சொல்வார்கள். பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ். ஏரி, பருவத்தில் பூநாரைகள், வறுத்த மீன், அப்புறம் டச்சுக் கல்லறை. ரயில் ஏறிய அதே பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மூலக்கொத்தளம் இடுகாடு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டு ஊரிலும் கோட்டை போய்விட்டது, இடுகாடு நிற்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. இங்கே 1767இல் மைசூர்ப் படை சென்னை வாசல்வரை வந்துபோன பிறகு, கருப்பர் நகரைச் சுற்றி ஆங்கிலேயர் மதில் கட்டினார்கள். மதிலின் ஒரு துண்டு மாடிப் பூங்காவாகத் தப்பித்தது. அந்த மதிலின் கொத்தளமோ மூலக்கொத்தளம் என்ற ஊர்ப்பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பழவேற்காட்டுக் கல்லறைகளின் அழகை மறுக்க முடியாது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் ஆழமாக வெட்டிய கற்பலகைகள். ஆனால் அவை வணிகக் கம்பெனியைச் சேர்ந்தவர்களின் கல்லறைகள். அதே 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கம்பெனியின் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து பல்லாயிரம் பேரை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றிப்போயின. அந்த அடிமைகளின் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இல்லை.

மூலக்கொத்தளத்தில் சிற்பம் கிடையாது. இருப்பது இரண்டு இளைஞர்களின் சமாதி. 1938இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது மறியல் செய்து சிறைக்குப் போனவர்கள் அவர்கள். நடராசன் சென்னைக்காரர், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள், மறுத்தார். 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். கும்பகோணத்துத் தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சில் இறந்தார். இருவரின் இறுதி ஊர்வலத்திலும் ஊரே திரண்டது. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தப் போராட்டத்தில் முன்னின்ற டாக்டர் தருமாம்பாளின் நினைவிடமும் இங்கேதான். ஜனவரி 25, மொழிப்போர் தியாகிகள் நாளில் தலைவர்கள் மாலையோடு வருகிறார்கள். அடுத்த நாள் முதல் இது மறுபடி இப்பகுதி மக்களின் இடுகாடு. பறை கேட்கும், புதுக் குழி தோண்டுவார்கள். பழவேற்காட்டில் கடந்த காலம் முடிந்துபோய்க் கிடக்கிறது. இங்கே அது நேற்று புதைத்தவரின் பக்கத்தில் படுத்திருக்கிறது. எனக்கு மூலக்கொத்தளமே பெரிதாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

காவலில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். டச்சுக் கல்லறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சட்டப்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. மூலக்கொத்தளத்தில் இடுகாட்டு நிலத்திலேயே ஒரு பகுதியை எடுத்து அடுக்குமாடி கட்டத் திட்டம் போட்டார்கள். எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. வீடில்லாதவருக்கு வீடு வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அதற்கு ஏழைகளின் இடுகாடுதான் முதலில் கண்ணில் படுகிறது என்பது உறுத்துகிறது.

தியாகிகளின் நினைவிடத்தை அரசு புதுப்பித்தது நல்ல காரியம். அது போதாது. நகரத்து இடுகாட்டில் பழைய குழியின் மேல் புதுக் குழி விழுந்துகொண்டே இருக்கும். நிற்கிற பழைய கல்லறைகளைப் படமெடுத்து, எழுத்தைப் படியெடுத்துப் பதிவுசெய்யும் வேலையை மாநிலத் தொல்லியல் துறை இப்போதே தொடங்க வேண்டும்.