உஸ்மான் செம்பேன்: கதைசொல்லும் முறையும் கருப்பொருள்களும்

செனெகல் நாட்டின் ஸிகின்ஷோரில் பிறந்து, மார்சேய் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பிரெஞ்சு மொழியில் நாவலாசிரியராகப் பெயர் பெற்ற பின்னர், எழுத்தறியாத தம் ஜனங்களை நூல்கள் எட்டமாட்டா என்று கண்டு, நாற்பதை நெருங்கும் பிராயத்தில் மாஸ்கோ சென்று சினிமாக் கலை பயின்றவர் உஸ்மான் செம்பேன் (1923–2007).

அவர் படங்களில் கதை அவசரமின்றி நடக்கும். அதன் பாரத்தைக் கண்முன் கிடக்கும் ஒரு சாமானியப் பொருளே பெரிதும் சுமக்கும். 1966-இல் வெளிவந்த ‘கறுப்புப் பெண்’ணில், தக்காரில் வேலைக்குச் சேர்ந்த தியுவானா எஜமானர்க்குக் காணிக்கையாகத் தந்த மர முகமூடி, பிரான்ஸில் அவர்கள் வீட்டு வெள்ளைச் சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. அடிமைத்தனம் தாளாது அவள் உயிரை மாய்த்துக்கொண்ட பின், முகமூடியைத் திருப்பித் தரத் தக்காருக்கு வந்த எஜமானரை, அதையே அணிந்த ஒரு சிறுவன், வாய் பேசாமல், தெருத்தெருவாகப் பின்தொடர்கிறான். வசனம் எதுவும் இவ்வளவு கடுமையாகக் குற்றஞ்சாட்டியிராது.

வொலோஃப் மொழி பேசும் ‘மந்தாபி’யில் (1968) அந்தப் பொருள் ஒரு மணியார்டர். பாரிஸிலிருந்து மருமகன் அனுப்பிய 25,000 பிராங்கை வாங்க அடையாளச் சீட்டு வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்று வேண்டும் என்று இப்ராஹிமா தியெங் அலுவலகம் அலுவலகமாக அலைய, பணம் வருமுன்பே கடன்காரர் வீட்டை மொய்க்கின்றனர். பணமோ கடைசியில் ஒரு படித்த உறவினனின் பைக்குள் போய்விடுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் அன்னியரின் நாற்காலியில் அமர்ந்த புது வர்க்கத்தை, மூன்றாம் மணத்தன்றே ஆண்மை இழக்கும் வணிகனைக் கொண்டு ‘ஸாலா’ (1975) நகையாடுகிறது. மதத்தின் ஆதிக்கத்தை எதிர்த்த ‘செத்தோ’ (1977) செனெகலில் தடைக்குள்ளாயிற்று. 1944-இல் ஊதியம் கேட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பிரெஞ்சுப் படையே சுட்டுக்கொன்ற சம்பவம், தியெர்னோ ஃபாத்தி ஸோவுடன் சேர்ந்து இயக்கிய ‘தியாரோய் முகாம்’ படத்தின் (1988) பொருளாயிற்று.

பாத்திரங்கள் மேடைப் பிரசங்கிகள்போல் கருத்துரைக்கத் தொடங்குமிடங்களில் அவர் கலை சற்றே தளர்கிறதென்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இறுதிப் படமான ‘மூலாதே’யில் (2004) அவர் மீண்டும் சாமானியப் பொருளின் பக்கமே திரும்பினார். பெண்ணுறுப்புச் சிதைப்புச் சடங்குக்கு அஞ்சி ஓடிவந்த சிறுமியர்க்கு அபயமளிக்கும் கொல்லே, தன் வீட்டு வாசலின் குறுக்கே, அபயத்தின் அடையாளமாக, வண்ணக் கயிறொன்றைக் கட்டுகிறாள். கத்தியோடு வந்த மூதாட்டியர், ஒரு குழந்தைகூடத் தாண்டிவிடக்கூடிய அக்கயிற்றின் முன் நின்றுவிடுகின்றனர்.